பளுதூக்குதலால் ஏற்படும் தோள்பட்டைக் காயங்கள்

பளுதூக்குதலால் ஏற்படும் தோள்பட்டைக் காயங்கள் என்பவை, போட்டிக்காகப் பளு தூக்குவோருக்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் எடைப் பயிற்சி செய்வோருக்கும் தோள் மூட்டிலும், அதைச் சூழ்ந்துள்ள தசை, தசைநாண், பிணைநார், குருத்தெலும்பு ஆகியவற்றிலும் உண்டாகும் சேதங்கள் ஆகும். இவற்றுள் சில ஒரே தூக்கலில் திடீரென நேர்பவை. பெரும்பாலானவை மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, பின்னர் வலியாக வெளிப்படுபவை. எடைப் பயிற்சி தொடர்பாகப் பதிவான காயங்களில் 36 விழுக்காடு வரை தோள்பட்டைப் பகுதியைச் சேர்ந்தவை என்று 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு குறிப்பிடுகிறது. அமெரிக்க ஒலிம்பிக் பயிற்சி மையங்களில் தங்கிப் பயின்ற பளுதூக்கு வீரர்களைப் பற்றி 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முதுகு, முழங்கால், தோள்பட்டை ஆகிய மூன்று இடங்களில் ஏற்பட்டவையே மொத்தக் காயங்களில் ஏறத்தாழ 65 விழுக்காடாக இருந்தன.

இக்காயங்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை இன்றியே ஆறக்கூடியவை. அவற்றுக்கு நெடுநாள் முழு ஓய்வைவிட, தாங்கக்கூடிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படும் பயிற்சியே முதன்மைச் சிகிச்சையாகக் கருதப்படுகிறது. எனினும் மார்புத் தசைநாண் அறுதல், மூட்டு விலகல் போன்ற சில காயங்களில் காலத் தாழ்வு நிலையான வலு இழப்புக்கு இட்டுச் செல்லும். ஆகவே, பொறுத்திருக்கக்கூடிய காயம் எது, பொறுத்திருக்கக் கூடாத காயம் எது எனப் பிரித்தறிவது சிகிச்சையின் முதற்படி ஆகும்.

உடற்கூறு

தோள் மூட்டு மனித உடலில் மிகுந்த அசைவு கொண்ட மூட்டு ஆகும். மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. எந்த நிலையிலும் அத்தலையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே குழியைத் தொட்டிருக்கும். இடுப்பு மூட்டில் எலும்புக் கிண்ணமே தலையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. தோளில் அப்பணியைப் பெரும்பாலும் தசைகளும் பிணைநார்களுமே செய்கின்றன. அசைவுக்காக உறுதியை விட்டுக்கொடுத்த இந்த அமைப்பே தோள் எளிதில் காயமுறுவதற்கு அடிப்படைக் காரணம் ஆகும்.

குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் எனப்படும் நார்க்குருத்தெலும்பு வளையம் ஒன்று அமைந்து குழியைச் சற்று ஆழப்படுத்துகிறது. ரொட்டேட்டர் கஃப் எனப்படும் சுழற்றுத் தசைக்கட்டு, சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் என்னும் நான்கு தசைகளைக் கொண்டது. கை அசையும்போது மேற்கை எலும்பின் தலையைக் குழியின் நடுவே அழுத்திப் பிடித்திருப்பது இவற்றின் பணி. இவற்றுக்கு மேலே கூரைபோல் அமைந்துள்ள எலும்பு முனை அக்ரோமியன் எனப்படும். காறை எலும்பின் வெளிமுனை இதனுடன் சேருமிடம் அக்ரோமியன்-காறை மூட்டு ஆகும்.

கையைத் தலைக்கு மேல் 180 பாகை உயர்த்துகையில், அவ்வசைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தோள் மூட்டிலும், எஞ்சிய ஒரு பங்கு தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் வழுக்கிச் சுழல்வதாலும் நிகழ்கிறது. இவ்விகிதம் 1944ஆம் ஆண்டில் இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகியோரால் விளக்கப்பட்டது. தோள்பட்டை எலும்பைச் சுழற்றும் தசைகள் வலுக்குறைந்திருந்தால் தோள் மூட்டின்மீது சுமை கூடுகிறது. மீள்நலப் பயிற்சிகளில் முதுகுத் தசைகளுக்கும் இடம் தரப்படுவதன் காரணம் இதுவே.

காரணங்கள்

காயத்தின் காரணங்களுள் முதன்மையானது, திசுக்கள் பழகிக்கொள்வதற்கு முன்பே எடையையோ பயிற்சியின் அளவையோ விரைந்து கூட்டுவது ஆகும். தசை சில வாரங்களில் வலுப்பெறத் தொடங்கினாலும் தசைநாண் அதற்கு ஈடாக விரைந்து வலுப்பெறுவதில்லை. அனபாலிக் ஸ்டீராய்டு மருந்துகளைப் பயன்படுத்துவோரில் இந்த இடைவெளி மேலும் விரிவடைகிறது. மார்புத் தசைநாண் அறுந்தவர்களிடையே இம்மருந்துகளின் பயன்பாடு பலமுறை பதிவு செய்யப்பட்டுள்ளது.

பின்வரும் காரணங்களும் குறிப்பிடத்தக்கவை:

• மார்பு, முன்தோள் தசைகளை மட்டும் மிகுதியாகப் பயிற்றி, மேல்முதுகுத் தசைகளையும் சுழற்றுத் தசைக்கட்டையும் புறக்கணித்தல்.
• கையைப் பக்கவாட்டில் 90 பாகை உயர்த்தி முழுமையாகப் பின்னோக்கித் திருப்பிய நிலையில் எடை தூக்குதல். பார்பெல்லைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பயிற்சிகள் இந்நிலையையே உண்டாக்குகின்றன. இது மூட்டின் முன்புறப் பிணைநார்களை இழுத்துத் தளர்த்துகிறது.
• பெஞ்ச் பிரஸ் பயிற்சியில் மிக அகலமாகப் பிடித்து, முழங்கைகளை உடலிலிருந்து வெகுவாக விரித்து, எடையைக் கட்டுப்பாடின்றி மார்பின்மீது இறக்குதல்.
• ஸ்னாட்ச் முறையில் தலைக்குமேல் சென்ற எடை பின்னோக்கிச் சாயும்போது, அதை விட்டுவிடாமல் பிடித்து நிறுத்த முயலுதல்.
• களைப்புற்ற நிலையிலோ, வலியைப் பொருட்படுத்தாமலோ பயிற்சியைத் தொடர்தல்.

காயங்களின் வகைகள்

சுழற்றுத் தசைக்கட்டின் தசைநாண் நோய்

எடைப் பயிற்சி செய்வோரிடம் பரவலாகக் காணப்படும் வகை இதுவாகும். சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாண் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போதும், இரவில் அப்பக்கமாகப் படுக்கும்போதும் தோளின் வெளிப்புறத்தில் வலி தோன்றும். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1972ஆம் ஆண்டில், தசைநாண் அக்ரோமியன் எலும்பின் அடியில் நசுக்கப்படுவதே இவ்வலிக்குக் காரணம் என விளக்கினார். இக்கருத்து பல பத்தாண்டுகள் நிலவியது. எலும்பின் உராய்வைக் காட்டிலும், தசைநாண் தன் தாங்குதிறனை மீறிச் சுமை ஏற்பதே முதன்மைக் காரணம் என்ற கருத்து தற்போது வலுப்பெற்றுள்ளது. தசைநாண் பகுதியாகவோ முழுமையாகவோ கிழிவதும் உண்டு.

காறை எலும்பு முனைச் சிதைவு

பெஞ்ச் பிரஸ், டிப்ஸ் ஆகிய பயிற்சிகளைப் பல ஆண்டுகள் செய்தவர்களிடம் காறை எலும்பின் வெளிமுனையில் நுண்முறிவுகள் தோன்றி எலும்பு கரைவது உண்டு. இது "பளுதூக்குவோர் தோள்" என்றும் அழைக்கப்படுகிறது. 1982ஆம் ஆண்டில் கேஹில் என்னும் மருத்துவர் விளையாட்டு வீரர்களிடம் இதை ஆராய்ந்து விளக்கினார். அவரால் ஆராயப்பட்டோரில் ஏறத்தாழ அனைவரும் எடைப் பயிற்சி செய்தவர்கள். தோளின் உச்சியில் ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய வலி இதன் அடையாளம் ஆகும். வலி தரும் பயிற்சிகளைச் சில மாதங்கள் விலக்கினால் பெரும்பாலோருக்குத் தணிகிறது.

லேப்ரம் கிழிதல்

இருதலைத் தசையின் நீள்தசைநாண் இணையும் இடத்தில் மேற்புற லேப்ரம் கிழிவது ஸ்லாப் காயம் எனப்படும். இப்பெயர் 1990ஆம் ஆண்டில் ஸ்னைடர் என்பவரும் அவருடைய குழுவினரும் இட்டது. தோளின் உட்புறத்தில் ஆழமான வலி, "களுக்" என்ற ஓசை, மூட்டு சிக்கிக்கொள்ளும் உணர்வு ஆகியவை தோன்றலாம். பெஞ்ச் பிரஸ் பயிற்சியில் மேற்கை எலும்பு மீண்டும் மீண்டும் பின்னோக்கித் தள்ளப்படுவதால் பின்புற லேப்ரமும் கிழியலாம்.

மூட்டு விலகல்

பளுதூக்குதலில் மேற்கை எலும்பின் தலை பெரும்பாலும் முன்னோக்கி விலகுகிறது. அப்போது முன்புற லேப்ரம் குழியின் விளிம்பிலிருந்து பிய்வது, 1923ஆம் ஆண்டில் அதை விளக்கிய ஆங்கில அறுவை மருத்துவரின் பெயரால் பேங்கார்ட் காயம் எனப்படுகிறது. முதல் விலகல் இளவயதில் நேர்ந்தால் மீண்டும் விலகும் வாய்ப்பு மிகுதி.

மார்புப் பெருந்தசைநாண் அறுதல்

மார்புப் பெருந்தசை, மேற்கை எலும்புடன் இணையும் இடத்தில் அறுவது இக்காயம் ஆகும். மருத்துவ நூல்களில் இது முதன்முதலாக 1822ஆம் ஆண்டில் பாரிசில் பதிவானது. இன்று இதற்கு மிகப் பரவலான காரணம் பெஞ்ச் பிரஸ் ஆகும். காயமுறுவோர் பெரும்பாலும் 20 முதல் 40 வயது வரையுள்ள ஆண்கள். எடை மார்பை நெருங்கி, தசை நீண்ட நிலையில் சுமை தாங்கும்போது "பட்" என்ற ஓசையுடன் கிழிவு நேர்கிறது. மேற்கையிலும் மார்பிலும் இரத்தக் கன்றல் பரவி, அக்குளின் முன்மடிப்பு மறைந்துபோகும்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்

பின்வருவன காணப்பட்டால் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரை அணுகுதல் வேண்டும்:

• தோளின் வடிவம் மாறியிருத்தல், கையை அசைக்கவே இயலாமை.
• கிழிந்த ஓசையைத் தொடர்ந்து வலு இழத்தல், விரிந்து பரவும் இரத்தக் கன்றல்.
• கையிலோ விரல்களிலோ மரத்துப்போதல்.
• கை முழுவதும் வீங்கி நீலம் பாய்தல். இது காறை எலும்பின் அடியிலுள்ள சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.
• காய்ச்சலுடன் கூடிய மூட்டு வலி.
• நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வை ஆகியவற்றுடன் தோன்றும் தோள் வலி. இது தோளிலிருந்து அன்றி இதயத்திலிருந்து எழும் வலியாக இருக்கலாம்.

விலகிய மூட்டைப் பயிற்சித் தோழர்களோ, தகுதியற்ற பிறரோ இழுத்துப் பொருத்த முயலுதல் கூடாது. உடன் எலும்பு முறிவு இருந்தால் நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் சேதம் நேரக்கூடும்.

நோயறிதல்

வலி தொடங்கிய விதம், வலியுண்டாக்கும் பயிற்சி, அண்மையில் எடை கூட்டப்பட்ட விவரம் ஆகியவற்றைக் கேட்டறிவதே நோயறிதலின் பெரும்பகுதி ஆகும். மருத்துவர் இரு தோள்களின் அசைவையும் வலுவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். தனிச்சோதனை எதுவும் தனித்து உறுதியான முடிவைத் தருவதில்லை. ஆகவே பல சோதனைகள் சேர்த்து மதிப்பிடப்படுகின்றன.

எலும்பு முறிவையும் விலகலையும் காண எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்படுகிறது. தசைநாண்களைக் காண அல்ட்ராசவுண்டும், மென்திசுக்களை விரிவாகக் காண எம்.ஆர்.ஐ. படமும் பயன்படுகின்றன. படத்தில் தெரியும் மாற்றம் அனைத்தும் வலிக்குக் காரணம் என்று கொள்ள இயலாது. 40 முதல் 70 வயது வரையுள்ள, தோள் வலியே இல்லாத 51 ஆண்களை அல்ட்ராசவுண்டு மூலம் ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், 96 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு மாற்றம் காணப்பட்டது. எனவே படத்தில் "கிழிவு" என்ற சொல்லைக் கண்ட அளவிலேயே அறுவை சிகிச்சை தேவை என முடிவு செய்வது பொருந்தாது.

சிகிச்சை

முதல் நாட்கள்

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் கொண்ட முறையை 1978ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பரப்பினார். பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பனிக்கட்டி ஒத்தடம் வலியைத் தணிக்கும். அதைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடங்கள் வைக்கலாம். ஆனால் அது காயத்தை ஆற்றும் மருந்தன்று. முதல் சில நாட்களில் வலி தரும் தூக்கல்களை மட்டும் விலக்கி, வலியற்ற எல்லைக்குள் கையை அசைத்துவருவது பரிந்துரைக்கப்படுகிறது. நெடுநாள் கையைக் கட்டித் தொங்கவிட்டால் மூட்டு இறுகிப்போகும். நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு இவ்விடர் மிகுதி.

மருந்துகள்

இபுப்ரோஃபென் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள் சில நாட்களுக்கு வலியைத் தணிக்கும். இவற்றைத் தொடர்ந்து உட்கொண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வலிநிவாரணி உட்கொண்டு அதன் துணையால் பளு தூக்குவது, உடல் தரும் எச்சரிக்கையை மறைத்துக் காயத்தைப் பெரிதாக்கும்.

கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிவாரணம் தரக்கூடும். அதன் பயன் நெடுங்காலம் நீடிப்பதில்லை. திரும்பத் திரும்ப இட்டால் தசைநாண் வலுக்குன்றும் வாய்ப்பு உண்டு. போட்டியாளர்கள் மற்றொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, 2022 சனவரி 1 முதல் மூட்டில் இடப்படும் ஊசி உட்பட இவ்வகை ஊசிகள் அனைத்தையும் போட்டிக் காலத்தில் தடை செய்துள்ளது.

பயிற்சிவழிச் சிகிச்சை

இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் ஏறத்தாழ 12 வாரங்கள் செய்யப்படும் பயிற்சியே, கிழிந்து அறாத காயங்களுக்கு முதலில் மேற்கொள்ளப்படுவது. இதற்கு அடிக்கடி மருத்துவமனைக்குச் செல்வது இன்றியமையாதது அன்று. ஐக்கிய இராச்சியத்தில் சுழற்றுத் தசைக்கட்டு வலியுள்ள 708 பேரிடம் நடத்தி 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், பலமுறை மேற்பார்வையில் பயின்றவர்களும், ஒரே ஒருமுறை முறையான அறிவுரை பெற்று வீட்டில் பயின்றவர்களும் ஓராண்டில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றமே பெற்றனர்.

அறுவை சிகிச்சை

அக்ரோமியன் எலும்பின் அடிப்பகுதியைச் சீவி இடைவெளியை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை முன்னர் மிகப் பரவலாகச் செய்யப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் 313 பேரிடமும், பின்லாந்தில் மற்றொரு குழுவிடமும் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் அச்சான ஆய்வுகள், எலும்பைச் சீவாமல் உள்நோக்கி மட்டும் செலுத்திய போலி அறுவையைவிட இது மேலானதன்று எனக் காட்டின. இதையடுத்து 2019ஆம் ஆண்டில் ஒரு பன்னாட்டு வழிகாட்டுக் குழு இச்சிகிச்சைக்கு எதிராகப் பரிந்துரைத்தது. ஸ்லாப் காயத்துக்கான இருவகை அறுவைகளைப் போலி அறுவையுடன் ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு நார்வே ஆய்வும் இதை ஒத்த முடிவையே தந்தது. இவ்வாய்வுகள் பளுதூக்கு வீரர்களை மட்டும் கொண்டு நடத்தப்பட்டவை அல்ல.

மறுபுறம், பின்வரும் நிலைகளில் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்:

• மார்புப் பெருந்தசைநாண் எலும்பிலிருந்து முற்றாக அறுதல். சில வாரங்களுக்குள் தைத்தால் பயன் மிகுதி. தாமதித்தால் தசை சுருங்கி ஒட்டிக்கொள்ளும்.
• இளவயதினருக்கு விபத்தால் நேர்ந்த முழுமையான சுழற்றுத் தசைநாண் கிழிவு.
• மீண்டும் மீண்டும் நிகழும் மூட்டு விலகல்.
• பல மாதப் பயிற்சிக்குப் பின்னும் தணியாத காறை எலும்பு முனைச் சிதைவு.

மீள்நலப் பயிற்சி

மீள்நலம் நாட்காட்டியை மட்டும் கொண்டு கணிக்கப்படுவதன்று. ஒவ்வொரு படிநிலையையும் வலியின்றிக் கடந்த பின்னரே அடுத்த படிநிலை தொடங்கப்படுகிறது.

1. வலி தணிக்கும் நிலை: முன்குனிந்து கையை ஊசல்போல் தொங்கவிட்டு ஆட்டுதல். சுவரைக் கையால் அழுத்தி அசைவின்றி 30 முதல் 45 விநாடிகள் நிறுத்துதல்.
2. அசைவு மீட்கும் நிலை: ஒரு கோலை இரு கைகளாலும் பிடித்து, நலமான கையின் துணையால் காயமுற்ற கையை உயர்த்துதல். விரல்களால் சுவரில் ஏறுதல்.
3. வலுவூட்டும் நிலை: முழங்கையை விலாவோடு சேர்த்து, இரப்பர்ப் பட்டையை வெளிநோக்கி இழுத்தல். ஒருக்களித்துப் படுத்துச் சிறிய டம்பெல்லை மேல்நோக்கித் திருப்புதல். குப்புறப் படுத்து எடையை முதுகை நோக்கி இழுத்தல். தண்டால் எடுத்து, உச்சியில் தோள்பட்டை எலும்புகளை மேலும் முன்னே தள்ளுதல். இவை பொதுவாக 10 முதல் 15 முறை வீதம் மூன்று சுற்றுகள் செய்யப்படுகின்றன.
4. விளையாட்டுக்குத் திரும்பும் நிலை: வெறும் கம்பியைக் கொண்டு தூக்கல் முறையை மீளப் பயிலுதல், பின்னர் எடையைக் கூட்டுதல்.

பயிற்சியின்போது சிறிதளவு வலி தோன்றுவதாலேயே பயிற்சியை நிறுத்த வேண்டுவதில்லை. பத்துக்கு மூன்று என்ற அளவைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் அது ஏற்கத்தக்க வலியாகக் கொள்ளப்படுகிறது. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும்.

சுழற்றுத் தசைநாண் தைக்கப்பட்டவர்கள் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் கைத்தாங்கி அணிகின்றனர். வலுவூட்டும் பயிற்சி ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் தொடங்குகிறது. பெரும் எடைகளுக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். தைத்த இடம் எலும்போடு ஒட்டிக்கொள்வதற்கு முன்னரே வலி நின்றுவிடுவதால், இக்காலத்தில் அவசரம் காட்டுவோர்க்கு மறுகிழிவு நேர்கிறது.

மீண்டும் பளு தூக்குதல்

முழு அசைவு திரும்பி, காயமுற்ற தோளின் வலு மற்ற தோளின் வலுவில் 90 விழுக்காட்டை எட்டிய பின்னர் முழுப் பயிற்சிக்குத் திரும்புவது வழக்கம். பழைய எடையில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கி, வாரத்துக்கு 5 முதல் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமல் கூட்டுவது பயிற்சியாளர்களிடையே நிலவும் நடைமுறை ஆகும்.

இடைக்காலத்தில் பயிற்சியை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. கால், இடுப்புப் பயிற்சிகளைத் தொடரலாம். பெஞ்ச் பிரஸ் பயிற்சிக்கு மாற்றாக, தரையில் படுத்து முழங்கை தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் எடையை இறக்கலாம். உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்கும்படி டம்பெல்களைப் பிடித்தால் மூட்டின் முன்புறச் சுமை குறைகிறது. பார்பெல் பயன்படுத்துவோர் பிடியின் அகலத்தைத் தோள் அகலத்தின் ஒன்றரை மடங்குக்குள் வைத்துக்கொள்வது பரிந்துரைக்கப்படுகிறது. கழுத்துக்குப் பின்னால் இழுக்கும் பயிற்சியை மார்புக்கு முன்னால் இழுப்பதாக மாற்றிக்கொள்ளலாம்.

மீராபாய் சானு

மணிப்பூரைச் சேர்ந்த பளுதூக்கு வீராங்கனை மீராபாய் சானு 2020ஆம் ஆண்டில் தோள்பட்டை, முதுகு வலிகளால் அவதியுற்றார். அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, முன்னாள் பளுதூக்கு வீரரும் இயன்முறை மருத்துவருமான ஆரன் ஹோர்ஷிக்கிடம் தோளின் சமநிலையின்மையைச் சீராக்கும் பயிற்சிகளை மேற்கொண்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கந்தில் நடைபெற்ற ஆசியப் போட்டியில், 49 கிலோ பிரிவில் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். 2021 சூலை 24 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார்.

தடுப்பு

• தள்ளும் பயிற்சிகளுக்கு ஈடாக இழுக்கும் பயிற்சிகளையும் செய்தல்.
• சுழற்றுத் தசைக்கட்டுக்கான சிறு பயிற்சிகளை வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள் மேற்கொள்ளுதல்.
• இலகுவான எடைகளைக் கொண்டு உடலைச் சூடேற்றிய பின்னரே பெரும் எடைகளைத் தூக்குதல்.
• பெரும் எடை கொண்டு பெஞ்ச் பிரஸ் செய்கையில் உதவியாளர் ஒருவரை அருகில் நிறுத்துதல்.
• கட்டுப்பாடு இழந்த எடையைப் பாதுகாப்பாக விட்டுவிலகும் முறையைத் தொடக்கத்திலேயே கற்றல்.
• இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவரிடம் காட்டுதல்.

இவற்றையும் பார்க்க

• தோள்பட்டை எலும்பு
• தசைநாண்
• பளுதூக்குதல்
• இயன்முறை மருத்துவம்
• ஊக்கமருந்து